டிஸ்கோ ரெகார்டு வாங்கப் போன இடங்களில்

பழைய ரெகார்டு வாங்கிச் சேர்ப்பவனுக்குக் காது சுமாராக இருந்தால் போதும், நெஞ்சுதான் கெட்டியாக இருக்க வேண்டும். இதே பைத்தியம் பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இப்போதே பெருமூச்சு விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991-இல் எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். வாரம் முழுக்க, பிறர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வடக்குப்பட்டு என்று சுற்றி டிஸ்கோ ரெகார்டு வாங்குவேன். எதற்கு டிஸ்கோ என்று என் மனைவி கேட்டாள். நானும் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு நாளும் ஆடியவன் அல்ல. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குத் தலையாட்டக்கூடக் கூச்சப்படுகிறவன். ஆடுவதற்கென்றே செய்த பாட்டை, கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்பவன். இதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கேசட் வந்து எல்லா ஊரையும் பிடித்துவிட்ட சமயம் அது. மைக்செட்காரர்கள் தங்களிடமிருந்த ரெகார்டுகளைக் கட்டுக் கட்டாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது நல்ல காலம் என்று நினைத்தேன்.

இரண்டு தராசு

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பாய் வைத்திருந்த காயலான் கடையில்தான் அந்த அட்டை கிடைத்தது. வெளிநாட்டு டிஸ்கோ, இரட்டை ரெகார்டு. புத்தகம் போல விரியும் அட்டை, இரண்டு பக்கமும் பை. உள்ளே வெள்ளிக் காகிதம் போல மின்னும் உடையில் ஒரு பாடகி. அங்கேயே விரித்துப் பார்த்தேன். இரண்டு பையும் காலி.

பாய் நிதானமாக விளக்கினார். அட்டையெல்லாம் பழைய பேப்பர் குவியலுக்குப் போய்விடும், ரெகார்டெல்லாம் பிளாஸ்டிக் குவியலுக்குப் போய்விடும். உடைந்த பக்கெட்டுக்கும் அறுந்த செருப்புக்கும் நடுவில் அரை மணி நேரம் தோண்டி முதல் ரெகார்டை எடுத்தேன். வெள்ளி லேபிளில் சிவப்பு நெயில் பாலிஷால் 'ஏ' என்று எழுதியிருந்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. இதைப் போட்டவர் வடக்குப்பட்டு மைக்செட் ஏழுமலை என்பதை மட்டும் பாய் சொன்னார். ஜோடியாக இருந்ததை ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டபோது என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. பாய்க்கு என் வருத்தம் விளங்கவே இல்லை.

"சார், அட்டை ஒரு ரேட்டு, தட்டு ஒரு ரேட்டு. ரெண்டையும் சேத்து வெச்சா நான் எந்தத் தராசுல போடறது?"

பந்தியை எழுப்பும் பாட்டு

ஏழுமலை நாற்பது வயதுக்காரர். நான் கொண்டுபோன ரெகார்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தடவுவது போல அதைத் தடவினார். நெயில் பாலிஷ் எழுத்து அவர் போட்டதுதான். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மைக்செட் வந்தால் ரெகார்டு கைமாறிவிடும் என்பதால் எல்லாவற்றிலும் 'ஏ' போட்டு வைப்பாராம்.

இரண்டாவது ரெகார்டு எங்கே என்றேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் பெருமாள் என்பவரின் லேத் பட்டறைக்கு ஒரு கட்டு கொடுத்ததாகவும், அதில் போயிருக்கும் என்றும் சொன்னார். பட்டறைக்கு ரெகார்டு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அப்போது என் கண் வேறொன்றில் இருந்தது. முதல் ரெகார்டின் நடுவில், ஒரு பாட்டின் மேல் முழுக்க, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கீறல் விழுந்த இடம் போலிருக்கிறது என்று நினைத்து மெதுவாக உரித்துப் பார்த்தேன். கீறலே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. நல்ல பாட்டுக்கு ஏன் பிளாஸ்திரி போட்டாய் என்று கேட்டேன். டிஸ்கோவை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பந்தி நடக்கும்போது போடுவாராம், சாப்பிடுகிறவர்கள் சீக்கிரம் எழுந்திருக்க.

"அது ஸ்லோ பாட்டு சார். அதைப் போட்டா பந்தியில குந்தினவன் இன்னொரு தபா ரசம் கேப்பான், பின்னாடி நிக்கிறவன் வந்து என் மைக்கை ஒடைப்பான்."

கேரியர் வரிசை

தன்னிடம் மிச்சமிருந்த பன்னிரண்டு ரெகார்டையும் ஏழுமலை திங்கட்கிழமை காலை எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் டிஸ்கோ. பஸ்ஸில் கூட்டம். மடியில் வைத்தால் யாராவது இடிப்பார்கள் என்று, டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடியின் மேல் கட்டைப் பத்திரமாக வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு டிபன் கேரியர்கள் வரிசையாக இருந்தன. ஏன் எல்லோரும் அங்கேயே வைக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். எட்டு வருஷமாக அதே பஸ்ஸில் போகிறவன், யோசிக்கவில்லை.

மறைமலை நகரில் இறங்கும்போது கட்டு தொட்டில் மாதிரி குழிந்திருந்தது. பன்னிரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே அச்சில் வளைந்து கிடந்தன. சூட்டில் வளைந்த பிளாஸ்டிக்கை ரிஜெக்ட் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். கீழே இறங்காமல் படியிலேயே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். டிரைவர் மட்டும் உண்மையான அனுதாபத்தோடு சொன்னார்.

"சோறு சூடா இருக்கணும்னுதானே எல்லாரும் அங்க வெக்கிறாங்க, நீங்களும் சோறுன்னு நெனச்சேன் சார்."

ஓகே சீல்

பட்டறைக்கு அடுத்த ஞாயிறுதான் போக முடிந்தது. வாசலிலேயே தரையில் வட்ட வட்டமாகக் காகிதங்கள் கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ரெகார்டு லேபிள்கள், நடுவில் ஓட்டையோடு. பலவற்றில் சிவப்பு 'ஏ'. உள்ளே ஒரு ஆள் கைப் பிரஸ்ஸில் ரெகார்டை வைத்து, கைப்பிடியை இழுத்து, டக் டக்கென்று வாஷர் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு ரெகார்டுக்கு இத்தனை வாஷர் என்று பெருமாள் பெருமையாகக் கணக்கு சொல்லத் தொடங்கினார். நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

ஆனால் அதிர்ச்சி அதுவல்ல. வெட்டி விழுந்த ஒரு வாஷரைக் கையில் எடுத்தேன். சின்னது, கறுப்பு, மேலே முடி மாதிரி வட்டக் கோடுகள். இதை நான் பார்த்திருக்கிறேன். என் மேஜையில் பார்த்திருக்கிறேன். பாகங்களை லாரியில் அனுப்பும்போது எண்ணெய் துவாரத்தை ஒரு தற்காலிக மூடி போட்டு அடைப்போம். அந்த மூடிக்கு அடியில் போகும் வாஷர், வெளிப் பட்டறைகளில் செய்து எங்களுக்கு வருவது. டிராயிங்கில் ரப்பர் என்று இருக்கிறது.

அந்த டிஸ்கோக்காரியின் இரண்டாவது ரெகார்டும் இப்படித்தான் போயிற்றா என்று, கையோடு கொண்டுபோயிருந்த முதல் ரெகார்டின் வெள்ளி லேபிளைக் காட்டிக் கேட்டேன். இல்லை, இதே மாதிரி லேபிள் போட்ட ஒன்றை மட்டும் வெல்டர் தேவசகாயம் முழுசாக வாங்கிப் போனார் என்றார் பெருமாள். தேவசகாயம் எங்கள் ஃபேக்டரி ஆள்தான். மறுநாள் அந்த வாஷர் லாட்டை நான் நிறுத்தினேன், காரணமும் எழுதிக் கொடுத்தேன். முழுக் காரணத்தை எழுதினேனா என்று நீங்கள் கேட்காதீர்கள். அன்று பட்டறையில், ரப்பர் என்று சொல்லி இதை எப்படி அனுப்பினாய் என்று நான் சத்தம் போட்டதற்குப் பெருமாள் கொஞ்சமும் பதறவில்லை.

"போன மாசம் நீங்கதானே சார் ஓகே சீல் குத்துனீங்க, கோடு கோடா கீது, நல்லா கவ்விப் பிடிக்கும்னு வேற சொன்னீங்க?"

மாறாத அடி

தேவசகாயத்தின் வீடு ஒரகடத்தைத் தாண்டி உள்ளே இருந்தது. தெருமுனையிலேயே அந்தக் குரல் கேட்டுவிட்டது. அதே பாடகி, நான் கேட்டிராத பாட்டு. என் இரண்டாவது ரெகார்டு முழுசாக, உயிரோடு, ஓடிக்கொண்டிருந்தது. மொபெட்டை நிறுத்தும்போது ஸ்டாண்டு போடக்கூட மறந்துவிட்டேன்.

உள்ளே ஒரு நாற்காலியில் அவர் மனைவி ரோஸ் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது ஃபேக்டரியில் எல்லோருக்கும் தெரியும். வலது கை விழுந்துவிட்டது. இப்போது அந்தக் கை டிஸ்கோவுக்குத் தகுந்தபடி எழும்பிக்கொண்டிருந்தது. தாளத்தில் நாலு அடி விழும்வரை மேலே, அடுத்த நாலு அடியில் கீழே. தோள்வரை வந்து நடுங்கும், இறங்கும், மறுபடி கிளம்பும். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஆஸ்பத்திரில நாலு எண்ணித் தூக்கச் சொன்னாங்க சார்" என்றார் தேவசகாயம். "வேற பாட்டெல்லாம் நடுவுல ஓடுது, நிக்குது. இது ஒண்ணுதான் மொதல்லருந்து கடைசிவரைக்கும் ஒரே மாதிரி அடிக்குது. மொதல்ல மடியை வுட்டே எழும்பாத கை சார். இப்ப தோளு வரைக்கும் வருது. தலைக்குப் போயிட்டா அவளே சீவிப்பா."

நான் வந்த காரியத்தைச் சொல்லாமல் திரும்பியிருக்கலாம். சொன்னேன். காலிப் பையைப் பற்றிச் சொன்னேன், முதல் ரெகார்டு என்னிடம் இருப்பதைச் சொன்னேன், எங்கெல்லாம் தேடினேன் என்பதையும் சொன்னேன். அவர் செய்யும் வெல்டிங்கை ஓகே செய்வதும் ரிஜெக்ட் செய்வதும் நான்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேவசகாயம் ஊசியைத் தூக்கினார். ரெகார்டைத் தன் துண்டால் துடைத்து என் கையில் வைத்தார். நான் நீட்டிய பணத்தைத் தொடவில்லை. ரோஸின் கை மடியில் இறங்கிக் கிடந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சும்மா சுற்றிக்கொண்டிருந்த பிளேயரைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு நான் வாசலுக்கு வந்துவிட்டேன் என்பதை எழுதும்போது இப்போதும் பேனா நிற்கிறது.

"சார் வந்து கேட்டு இல்லேன்னா நல்லா இருக்குமா? அவ கைக்கு நான் வாயாலயே எண்ணிக்கிறேன் சார்."

மூன்று எங்கே

அட்டையின் இரண்டு பையும் நிறைந்தன. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். மாறாத அடி, அவர் சொன்னது போலவே. நாலாவது அடியில் என் வலது கையைப் பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியில் சுகமாகக் கிடந்தது. எந்தக் குறையும் இல்லாத கை. அதற்கு எந்த வேலையும் இல்லை. அந்தப் பக்கத்தை முடிக்க முடியவில்லை.

கேசட்டில் பதிந்து கொடுத்துவிடலாம் என்று ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் கேசட் பெட்டி இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு வாரம் ஃபேக்டரியில் தேவசகாயத்தின் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். அவர் வேலையை எல்லாம் ஓகே செய்தேன். அது உண்மையிலேயே நன்றாக இருந்ததாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இதற்கு மேல் ஒரு இன்ஸ்பெக்டருக்கு என்ன கேவலம் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை போனேன். தேவசகாயம் நைட் ஷிப்டு முடித்து வந்து சுவரில் சாய்ந்திருந்தார், கண் மூடியிருந்தது. "ஒண்ணு… ரெண்டு… ரெண்டு…" என்று வாய் மட்டும் அசைந்தது. ரோஸின் கை தோளுக்குக் கீழே பாதியில் நின்று நடுங்கியது. "ஏங்க, மூணு இன்னாத்துக்கு வர மாட்டேங்குது? எங்கையி அந்தரத்துல நிக்குது!" என்று அவர் கத்தினார்.

நான் ரெகார்டை வைத்து ஊசியை இறக்கினேன். தேவசகாயம் திடுக்கிட்டு விழித்தார். கை கிளம்பியது. தோளைத் தொட்டது, நடுங்கியது, ஒரு விரல்கடை மேலேயும் போயிற்று. நன்றி சொல்வார்கள், மன்னித்தேன் என்பார்கள், அல்லது குறைந்தது ஒரு டம்ளர் காபி வரும் என்று எதிர்பார்த்து நின்றேன். பாட்டு முடிந்ததும் ரோஸ் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

"மாசக்கணக்கா இதே பாட்டைக் கேட்டு காதே புண்ணாப் பூடுச்சு சார், உங்க வூட்ல இன்னொண்ணு கீதாமே, அதை ஏன் எடுத்துகினு வரல?"

அடுத்த ஞாயிறு அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு டிஸ்கோ கேட்டவன் அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அதைக் கேட்பதற்கென்று ஒரகடம் தாண்டிப் போய், தேவசகாயம் தூங்கிவிட்டால் அந்த அம்மாள் போடும் அதட்டலுக்குப் பயந்து, நானும் கூடவே கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன்.