ஈரக் கழிவு

கட்டிலுக்கு அடியில் கிடந்த எடை மெஷினை இன்று காலை வெளியே இழுத்துத் தூசி தட்டினேன். பள்ளுருத்தியிலிருந்து ஒரு பெண் அதை வாங்கிப் போக வருகிறாள். அவள் அம்மாவுக்கும் இதயம் தளர்ந்துபோன நோய்தான். என் மாமனார் முதல் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று பிராட்வே கடைத்தெருவில் வாங்கியது இது.

அவருக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: இதயத்துக்குச் சக்தி போதாமல் உடம்பில் நீர் கட்டுகிறது, தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வர வேண்டும். இவருக்குப் போய் எடை பார்க்கச் சொல்லித்தருகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் நாற்பது வருஷம் தராசடியில் நின்றவர் மாமா. மூட்டையை ஏற்றியதும் சாக்கின் எடையைக் கழித்து, மழைக்காலமானால் ஈரத்துக்கும் கழித்து, அதன் பிறகே எண்ணைக் கூவுவார். அவர் கூவிவிட்டால் வாங்குபவரும் விற்பவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். சாயா போடும் நேரத்தில் அறைக்குள்ளிருந்து “அறுபத்திரெண்டு!” என்று குரல் வரும். அடுப்படியில் நின்றபடியே காலண்டரில் குறித்துக்கொள்வேன். ஒரே ஒரு நாள் குனிந்து பார்க்கப் போனேன். “தராசுக்காரன் சொன்ன எடைய நீ செக் பண்றியா மோளே?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கேட்டபோதும் அறுபத்திரண்டு என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் வாரம் பேசவே முடியாமல் மூச்சு வாங்கியது. மறுபடி ஆஸ்பத்திரி. அங்கே எடை அறுபத்தேழு. “எந்தா சேச்சி இது?” என்று நர்ஸ் என்னைப் பார்த்தாள். மாமாதான் மாஸ்க்கை விலக்கினார். “கூடினது வெறும் தண்ணின்னு டாக்டரே சொன்னாருல்ல. ஈரத்தக் கழிச்சிட்டுத்தானே மோளே எடை சொல்லணும்?” எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த நேர்மை அதுதான்.

நீரை வடித்து, பழைய அறுபத்திரண்டோடு அனுப்பினார்கள். அதன் பிறகு தினமும் நானே தரையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தேன். உப்பு நீரைக் கட்டவைக்கும் என்பதால் கருவாட்டையும் ஊறுகாயையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். கூடியதைக் கூடியபடியே நர்ஸிடம் சொன்னேன், மாத்திரையைக் கூட்டினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலை நான் உட்காருவதற்கு முன்பே மாமா மெல்லச் சொன்னார்: “அறுபத்தாறு. கழிவு இல்ல மோளே.” கிட்டங்கியையே அதட்டிய குரலில் அன்று பயம் இருந்தது. சாயாவைக்கூட இறக்கி வைக்காமல், அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நான்காம் நாள் போய்விட்டார். “வீட்டுல செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சீங்க” என்றார் டாக்டர். அந்த முதல் மூன்று வாரத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன பதில் வந்தாலும் அதை என்னால் தாங்க முடியாது.

அந்தப் பெண் வந்தாள். மெஷினைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “இதுல டெய்லி பார்த்தா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சேச்சி?” என்று கேட்டாள்.

“அம்மா சொல்றத எழுதாதே. நீயே குனிஞ்சு பாரு” என்றேன். குனிந்து பார்த்தும் அவர் போய்விட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.