தகப்பன் புறா

மகள் தலைப்பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் படுக்கும் அறை ஜன்னலுக்கு வெளியே, சிமெண்ட் திட்டில், ஒரு ஜோடிப் புறா கூடு கட்டியது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் கூட்டைக் கலைக்கக் கூடாது. அதனால் எச்சத்தைக் கழுவிக் கழுவி ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன். மஞ்சள் மயிரோடு, கண் திறக்காத குஞ்சு ஒன்று பொரித்தது.

ஒருநாள் காலையில் பூனை பாய்ந்து பெட்டையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. மகள் கண்ணெதிரிலேயே நடந்தது. இட்லித் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டாள்.

"இந்தக் குஞ்சும் செத்துடுச்சின்னா எனக்கு மனசே ஆறாதும்மா. என் வயித்துல இருக்கறதுக்கு இன்னாவாவது..."

"வாயைக் கழுவுடி" என்றேன்.

குஞ்சை உள்ளே எடுத்து, துணி போட்ட அட்டைப்பெட்டியில் வைத்தேன். பஞ்சில் மாட்டுப்பாலை நனைத்துக் கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. ஆண் புறா ஜன்னல் கம்பியில் வந்து வந்து உட்கார்ந்தது. தாயில்லாத குஞ்சை ஆண் கொத்திப் போட்டுவிடும் என்று நினைத்து, துண்டை வீசி விரட்டினேன். விரட்ட விரட்ட வந்தது.

பக்கத்து வீட்டு பாய் மொட்டை மாடியில் புறா வளர்க்கிறவர். கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆம்பிளைகளிடம் எனக்கு நாக்கு எழாது. எதுவானாலும் அவர் வீட்டம்மாவிடம்தான். அந்த அம்மா அன்று ஊரில் இல்லை. எங்கள் மாடிக்கு ஏறிப்போய், கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் நின்றவரிடம் கேட்டேன்.

"பாய்... புறாக் குஞ்சுக்கு இன்னா குடுக்கறது? தாயைப் பூனை தூக்கிக்கினு போயிடுச்சி."

"ஒண்ணும் குடுக்காதீங்கம்மா. கூட்லயே வுட்டுடுங்க. அப்பன் இருக்கான் இல்ல, அவன் பால் குடுப்பான்."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். "ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "புறாவுல ரெண்டுக்கும் ஊறும்மா. கழுத்துப் பையில, தயிராட்டம் கெட்டியா. நீங்க வெரட்டாம இருந்தா போதும்."

குஞ்சைக் கூட்டில் வைத்து ஜன்னலை ஒருக்களித்துச் சாத்தினேன். கல்வராயன் மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஆண் புறாவைக் காணோம். நான் விரட்டிய விரட்டில் போயே போய்விட்டதோ என்னவோ. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இடுக்கு வழியாகவே பார்த்திருந்தாள்.

தூறல் விழுந்தபோது வந்து இறங்கியது. குஞ்சு தட்டுத்தடுமாறி எழுந்து, தன் மூக்கை அதன் வாய்க்குள்ளே நுழைத்தது. அப்பன் கழுத்தைக் குலுக்கிக் குலுக்கிக் கொடுத்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "இன்னாங்க, இங்க ஒருத்தரு பாலே குடுக்கறாரு. நீங்க டயப்பர் மாத்தறதுக்கே ரோசனை பண்றீங்க!" பிறகு போனைத் தேய்த்துப் பார்த்து, பூநாரையிலும் அப்படித்தானாம், பனிக்கட்டியில் நிற்கிற பென்குயினிலும் ஒரு வகைக்கு அப்பன் பால் உண்டாம் என்றாள். எந்தெந்த ஊரிலோ இருக்கிற அப்பன்கள்.

"ம்மா, பசிக்குது."

ரசம் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்தேன். அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அங்கே குஞ்சு குடித்து முடிக்கிறவரைக்கும் இங்கே நான் உருட்டி உருட்டி ஊட்டினேன்.