நாற்பத்தொன்றாம் குதிரையும் நரேலின் வாயும்

இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர் நல்ல மனிதர். நேரத்துக்கு வருவார், யாரையும் திட்டமாட்டார், ஹாரனைத் தொடவே மாட்டார். எனக்கென்னவோ அந்தப் பேருந்தைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. நரேல் டாரன்ட் ஓட்டிய காலத்தில் முதலில் அவள் குரல் வரும், அதற்குப் பின்னால்தான் பேருந்து வரும்.

ஆஸ்திரேலியப் பனிமலைப் பக்கத்து அடமினாபியில், எங்கள் ஊரில், அவள் பதினாறு வருடம் ஓட்டினாள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் கிடைத்த நேரத்தில், கோசியஸ்கோ தேசியப் பூங்காவிலிருந்து வெளியேற்றிய காட்டுக் குதிரைகளை மனிதர்களுக்குப் பழக்கி, அவற்றுக்கு வீடு பார்த்துக் கொடுத்தாள். சம்பளம் பேருந்துக்கு மட்டும்தான். வேலைக்கென்று குவீன்ஸ்லாந்துக்குப் போன கணவர் அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அவள் சுருக்கமாகப் பேசுவாள்.

அந்தக் குதிரைகளைப் பிடித்தவன் நான். பூங்காவில் களப்பணியாளனாக இருந்தேன். பனி மூடாத மாதங்களில் மலைமேல் தைலமரங்களுக்கு நடுவே இரும்புத் தட்டிகளால் பட்டி கட்டுவோம். உள்ளே உப்புக்கட்டியும் வெல்லப்பாகு தெளித்த குதிரைமசால் தீவனமும் வைப்போம். உப்புக்கு ஆசைப்பட்டு உள்ளே நுழைந்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும். குதிரைகள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் அவற்றின் குளம்பு பட்ட இடத்தில் ஈரப்பாசி மிஞ்சாது, பாசி போனால் அதற்குள் வாழ்கிற கட்டைவிரல் அளவு மஞ்சள் வரித் தவளையும் மிஞ்சாது. இதை யாரிடமும் நேருக்கு நேர் சொல்வேன். அதனால் ஊரில் பாதிப் பேர் மதுக்கடையில் என் பக்கத்தில் உட்காரமாட்டார்கள்.

நரேல் உட்காருவாள். உட்கார்ந்து வம்புக்கு இழுப்பாள்.

“வந்துட்டாருய்யா தவளைக்கு வக்கீலு! என்ன கிரேம், கட்சிக்காரங்க எல்லாம் சௌக்கியமா?”

“உன் குதிரைங்க மிதிச்சது போக மிச்சம் இருக்கிறவங்க சௌக்கியம்.”

“அடப் போய்யா. குதிரை போச்சுன்னா உனக்கு வேலை போச்சு. அதுங்க போடுற சோத்தத் தின்னுட்டு அதுங்களையே வையிற.”

பட்டியில் குதிரை விழுந்ததும் அவளைத்தான் தொலைபேசியில் அழைப்பேன். வெள்ளிக்கிழமைக்குள் யாரும் ஏற்றிக்கொண்டு போகாவிட்டால், சனிக்கிழமை காலை இறைச்சி ஆலைக்குப் போகிற லாரி வந்துவிடும். நரேலின் மேய்ச்சல் நிலத்தில் ஆறு குதிரைக்குத்தான் புல் உண்டு. அதனால் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது: எதையும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை, பேர் வைப்பதும் இல்லை. வந்த வரிசைப்படி எண்தான். பேர் வைப்பது கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பாடு.

“ஒண்ண வச்சுக்கிட்டேன்னு வை,” என்பாள், “அது நிக்கிற இடத்துல வருஷத்துக்கு நாலு குதிரை லாரி ஏறும். நான் என்ன அவ்வளவு பெரிய ராணியா?”

அவள் குதிரை பழக்கிய விதத்தைப் பார்த்து மலைக்காரக் கிழவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் காலத்தில் துரத்திக் கயிறு வீசி, மூன்றே நாளில் முதுகில் ஏறியவர்கள். நரேல் தன் வீட்டுப் பட்டிக்கு நடுவில் ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்து வாரப் பத்திரிகையை உரக்கப் படிப்பாள். ஆட்டுச் சந்தை விலை, மரண அறிவிப்பு, பெண்கள் டென்னிஸ் முடிவு, எதையும் விடமாட்டாள். நடுநடுவே அவளுடைய கருத்தும் வரும். “பாரு, வால்டர் போயிட்டாராம். நல்ல மனுஷன், ஆனா வேலி கட்டத் தெரியாது.” குதிரை முதல் நாள் கோடி மூலையில் மூக்கால் சீறிக்கொண்டு நிற்கும். நாலாம் நாள் ஐந்தாம் நாள் மெல்ல வந்து, பின்னாலிருந்து அவள் தொப்பியை முகர்ந்து பார்க்கும். அப்போதும் திரும்பமாட்டாள். குதிரை தானாக மூன்று முறை வந்து முகர்ந்த பிறகுதான் கையை நீட்டுவாள். பிறகு முகக்கயிறு, பிறகு நடை, பிறகு குளம்பு தூக்குதல்.

இதில் இன்னொன்றும் உண்டு. அவள் தொட்டுப் பழகிய குதிரையோடு வேறு மூன்று பேராவது அதே டிரம்மில் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன், தபால்காரர் உட்கார்ந்திருக்கிறார், பேருந்தில் வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் சமையலைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்குப் பழகிய குதிரை இன்னொரு வீட்டில் நிற்காது. இது நரேலுக்குத் தெரியாததல்ல. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

நாற்பத்தொன்று வந்தது ஒரு மே மாதக் கடைசியில், எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்குகிற நேரம். செம்பழுப்புப் பெட்டை, ஐந்து வயதிருக்கும், இடது காதில் பழைய கிழிசல். வந்து ஒரு வாரம் ஆவதற்குள் நரேல் பேருந்துப் படியில் உறைபனி வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு. பேருந்தை ஓட்ட வேறு ஆள் வந்தான். அந்த வருடப் பனியைப் போல நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவள் வீட்டுப் பாதை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. என்னையும் பூங்காவின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டார்கள். நாள் முழுக்கப் பேச முப்பது பிள்ளைகள் இருந்த வாய்க்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் கேட்க ஆள் இல்லை. மற்ற குதிரைகள் எல்லாம் ஏற்கெனவே பழகியவை, மேய்ச்சலில் இருந்தன. பட்டியில் இருந்தது நாற்பத்தொன்று மட்டும்தான். கட்டுப் போட்ட காலை ஒரு வைக்கோல் கட்டின் மேல் நீட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதனிடம் பேசித் தீர்த்திருக்கிறாள்.

செப்டம்பரில் நான் திரும்பி வந்தபோது, சமையலறை ஜன்னலிலிருந்து அவள் “அடியே” என்றால் பட்டியிலிருந்து அது கனைத்தது. என்னைப் பார்த்ததும் கோடி மூலைக்குப் போய், வந்த முதல் நாளைப் போலச் சீறியது.

“என்ன பண்ணி வச்சிருக்க?” என்று கேட்டேன்.

“என்ன பண்ணிட்டேன் இப்ப? சும்மா பேசிக்கிட்டு இருந்தேன்.”

“நரேல், இது உன் குதிரை ஆயிடுச்சு.”

“வாயக் கழுவு,” என்றாள். ஆனால் முகம் வெளிறிவிட்டது.

அதைக் கூட்டிப்போகக் கான்பெராவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நாற்பத்தொன்று கம்பியை உதைத்து வளைத்துவிட்டது, போய்விட்டார்கள். அடுத்து மலைச்சவாரி நடத்துகிற ஒரு ஆள் வந்தான், விஷயம் தெரிந்தவன். அவனுக்காக நரேலே பக்கத்தில் நின்று “ஏறுடி கண்ணு, ஏறு” என்று சொல்லி டிரெய்லரில் ஏற்றிக் கொடுத்தாள். அவள் சொன்னால் கிணற்றுக்குள்கூட இறங்கும் அது. நாலாம் நாள் அவன் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். தீனி தொடவில்லையாம், வந்த திசையைப் பார்த்துக்கொண்டு வேலியோரம் நின்றதாம். இறங்கியதும் நேரே வந்து அவள் தோளில் மூக்கை வைத்தது. நரேல் அதைத் தடவிக் கொடுத்தாள், கண் கலங்கியது. சந்தோஷமும் இருந்தது என்று பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டாள். அதுதான் அவளை ரொம்ப நாள் உறுத்தியது.

அந்த மாதமே என் பட்டியில் இரண்டு வயதுக் குதிரை ஒன்று விழுந்தது. அவளைக் கூப்பிட்டேன். நாற்பத்தொன்றையும் சேர்த்து ஆறு இடமும் நிறைந்திருந்தது. அவள் மூன்று நாள் ஊர் ஊராக யாருக்கெல்லாமோ போன் போட்டாள். சனிக்கிழமை லாரி வந்தது. கதவைத் திறந்துவிட்டவன் நான்தான், அது என் வேலை. அன்று மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“என்ன நிறம்?” என்று கேட்டாள்.

“கருப்பு.”

“என் வாய்க்கொழுப்புல ஒரு உசுரு போச்சு, கிரேம்.”

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்யாகியிருக்கும் என்பதால் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பரில் லியான் மோஃபட் வந்தாள். பொம்பாலாவில் மரம் அறுக்கிற ஆலையில் வேலை, நாற்பது வயது, தனி ஆள். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

“பத்திரிகை வேணுமா உக்காந்து படிக்க?” என்று நரேல் கேட்டாள்.

“வேணாம்.”

“பாட்டு கீட்டு பாடுவியா?”

“இல்ல.”

நரேல் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். “வாய்க்குப் பூட்டுப் போட்டு சாவியத் தொலச்சவ மாதிரி இருக்கா. இவகிட்ட எப்படிய்யா இந்தப் புள்ள பழகும்?”

“பூட்டு இல்லாதவகிட்ட பழகினதால வந்த வினைதான இது?” என்றேன். முறைத்தாள். ஆனால் அன்றிலிருந்து லியான் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டிலேயே இருக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து, என் அலமாரிகளை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று நாசம் பண்ணினாள். மற்ற நாட்களில், தன் குரல் அதன் காதில் விழக்கூடாதென்று, வீட்டுக்கு வெளியே வாயைத் திறக்கவில்லை. தீனியைக்கூட தபால்காரர்தான் போட்டார். கால் குணமாகி அவள் மறுபடி ஓட்டத் தொடங்கிய பேருந்து அந்த வேலியோரமாகத்தான் போக வேண்டும். நாற்பத்தொன்று வேலி நெடுகக் கூடவே ஓடிவரும். பிள்ளைகளை அந்த இடத்தில் பாடச் சொல்லிவிட்டு, அவள் நேரே சாலையைப் பார்த்தபடி ஓட்டிப் போவாள்.

லியான் பத்தொன்பது ஞாயிறு வந்தாள். எட்டாவதில் தொப்பியை முகர்ந்தது. பதினாலாவதில் கயிறு போட விட்டது. டிரெய்லரில் மட்டும் ஏறவில்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை என் பட்டியில் ஒரு தாயும் மூன்று மாதக் குட்டியும் விழுந்தன. நரேலிடம் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. நாற்பத்தொன்று போனால்தான் இரண்டையும் எடுக்க முடியும். லியான் ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை காலை டிரெய்லரோடு வந்து நின்றாள்.

நானும் நரேலும் மழைநீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றோம். லியான் கயிற்றைப் பிடித்து டிரெய்லரின் சரிவுப்பலகை வரை கூட்டிவந்தாள். நாற்பத்தொன்று ஒரு காலைப் பலகையில் வைத்தது, எடுத்தது. வீட்டுப் பக்கம் திரும்பிக் கனைத்தது. அரை மணி ஆனது, முக்கால் மணி ஆனது.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஒரே ஒரு தடவ ‘ஏறு’ன்னு சொல்லேன்,” என்று கிசுகிசுத்தேன். “ஏறிடும். மலைமேல அந்த ரெண்டும் நிக்குது. நாளைக்கு லாரி வந்துரும்.”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். போன முறை அவள் சொல்லித்தான் ஏறியது, அதனால்தான் திரும்பி வந்தது. எனக்கும் இது தெரியும். தன் புறங்கையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள்.

லியான் இழுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. கயிற்றைத் தளர்த்திவிட்டு, டிரெய்லருக்குள்ளே போய்க் குதிரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நாற்பத்தொன்று வீட்டைப் பார்த்தது. டிரெய்லரைப் பார்த்தது. இன்னொரு முறை வீட்டைப் பார்த்தது. பிறகு பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு, அப்புறம் நாலும். லியான் மெதுவாக எழுந்து பக்கக் கதவால் வெளியே வந்து பின்கதவைப் போட்டாள். எங்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு வண்டியை எடுத்தாள்.

கேட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து நீளமாக ஒரு கனைப்பு வந்தது. நரேலின் வாய் திறந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது, ஆனால் சத்தம் வரவில்லை. வண்டி வளைவில் மறைந்து, புழுதி அடங்கும் வரை அப்படியே நின்றாள்.

பிறகு தொட்டியின் மேல் சாய்ந்து, முப்பது பிள்ளைகளை அடக்குகிற அந்தப் பொம்பளை விக்கி விக்கி அழுதாள்.

“கூப்பிட்டுச்சு, கிரேம்,” என்றாள். “என்னைத்தான் கூப்பிட்டுச்சு. நான் பதில் சொல்லல.”

மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். மாலை நடைக்குப் பேருந்தைத் தபால்காரரை எடுக்கச் சொல்லிவிட்டு, டிரெய்லரை மாட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மலைக்கு ஏறினோம். தாய் முதலில் ஏறியது, குட்டி அதன் வாலோரம் ஒட்டிக்கொண்டு ஏறியது.