கண்டக்டரின் கோணல் சட்டை

கண்டக்டர் தன் வீட்டு வாசலில் நின்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றுகிறார். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். இப்போது ஒரு துளை தள்ளி மறுபடி போடுகிறார். சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, மறுபக்கம் தொங்குகிறது. உள்ளே எட்டிப் பார்த்து, "ரைட், போலாமா?" என்கிறார். அவர் மனைவி வருகிறார். அந்த அம்மாவின் ஸ்வெட்டரிலும் அதே கோணல்.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அதனால் இந்த முதியோர் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். எனக்கு எதிர்வீடு. துவைக்கும் அறைக்குக் காலையில் முதல் ஆளாகப் போவார். அந்த அம்மா துணியோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்ட டிவி ரிமோட்டையோ கரண்டியையோ மற்றவர்கள் வருவதற்குள் எடுத்துவிட வேண்டுமே!

சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் அந்த அம்மா காபியில் உப்பை அள்ளிப் போட்டார். பக்கத்து மேஜை திரும்பியது. கண்டக்டர் தன் கோப்பையிலும் உப்பைப் போட்டுக் கலக்கினார். "உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவுல வெச்சா மனுஷன் என்னதான் பண்ணுவான்?" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தோம். அதை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்ததை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்கட்டடம் ஒன்று இருக்கிறது. ஞாபகம் தப்பியவர்களை அங்கே மாற்றிவிடுவார்கள். ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடும்போதெல்லாம் எங்கள் பார்வை தானாக அந்தப் பக்கம் போகும். எனக்கும் அந்தப் பயம் உண்டு, மறைப்பானேன்?

"அங்க கொண்டு போயிட்டா அவ என்னைத் தேடுவா தம்பி," என்றார் ஒருமுறை. "யாரைத் தேடுறோம்னு மறந்து போயும் தேடிக்கிட்டே இருப்பா."

மனுஷர் காரியத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கச்சிதமாகச் செய்துவிட்டார். மேனேஜர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "கண்டக்டர் ஐயாவுக்கு ஞாபகம் தப்புது போல. சட்டை கூட ஒழுங்காப் போடத் தெரியல. பாவம், அந்த அம்மாதான் சமாளிக்கிறாங்க. கேள்வி கேட்டு சோதிச்சுப் பார்க்க நர்ஸ வரச் சொல்லியிருக்கேன்," என்றார்.

நேரே கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் தேறலைன்னா என்னைப் பின்கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. தேறிட்டேன்னா, கூட இருந்து அவ மறதியை மறைக்கலாம். ஆனா யாருக்காவது சந்தேகம் வந்து அடுத்து அவளைக் கேட்டுட்டா? அவ வாயைத் திறக்காம இருக்கணும், அவ்வளவுதான்."

ரத்த அழுத்தம் பார்க்கும் நாளில், பொதுக்கூடத்தில் அவர்களுக்கு அடுத்து நான் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் அம்மா ஜன்னலோரம் நின்றார். கண்டக்டர் தலையைப் படிய வாரி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஆனால் கழுத்து வியர்வையில் பளபளத்தது. அந்த அம்மா அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். கணவருக்குத்தான் ஞாபகக் குறைவு என்று யாரோ சொன்னதை அவரும் நம்பிவிட்டார்.

நர்ஸ் கண்டக்டரின் கைப்பட்டையைக் கழற்றினாள். "தாத்தா, சும்மா ரெண்டு கேள்வி. இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்," என்றார் கண்டக்டர்.

"சரி. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கண்டக்டர் பதில் சொல்லுமுன் அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் சாய்ந்தார். "அவரைக் கேக்காதம்மா, அவருக்கு எதுவும் நிக்கிறதில்ல. நான் சொல்றேன். மூத்தவ…"

கண்டக்டர் சட்டென்று மனைவியின் வாயைப் பொத்தினார்.