மற்றும் பலர்

ஆசியவியல் துறையில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும், அவள் கணினியில் ஏறிய பிறகுதான் அது நடந்ததாகக் கணக்கு. பேராசிரியர்கள் கடல் கடந்து போய்ப் பேசிவிட்டு வருவார்கள், தலையணை கனத்துக்குப் புத்தகம் போடுவார்கள். ஆனால் பருவத்துக்கு ஒரு முறை நான்கு பக்கங்களில் வரும் துறைச் செய்திமடலில் அதைப் பற்றி இரண்டு வரி வராவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. அந்த இரண்டு வரியை இருபத்திரண்டு வருஷமாக எழுதி வந்தவள் அவள். துறை அலுவலகத்தில் வகுப்பறை ஒதுக்குவது, சாவி கொடுப்பது, விடுப்புத் தாள் வாங்கி வைப்பது என்று நூறு வேலை இருந்தாலும், எல்லோரும் அவளை மடலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் அவள் பெயர் பெரியவள். மூத்த மருமகள் அல்லவா.

மடலின் கடைசிப் பக்கத்துக் கடைசி வரியில் 'தொகுப்பு: அலுவலகம்' என்று இருக்கும். அலுவலகம் என்றால் அவள்தான். பெயரைப் போட்டுக்கொள்ள அவள் கேட்டதில்லை, போடச் சொல்லி யாரும் சொன்னதுமில்லை.

வேலை நடக்கும் விதம் இதுதான். ஆசிரியர்கள் தங்கள் செய்தியை ஒரு படிவத்தில் எழுதி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்பவேண்டும். நான்கு பக்கத்தில் அடங்காததை அவள் வெட்டுவாள். வெட்டுப்பட்டவர்கள் 'மற்றும் பலர் கலந்துகொண்டனர்' என்ற வாலுக்குள் போய்விடுவார்கள். யார் தலை, யார் வால் என்பது அவள் ஒருத்தி கையில். அதில் அவளுக்குக் கொஞ்சம் மப்பு உண்டு என்றால் பொய்யில்லை.

இந்த ராஜ்ஜியத்துக்குள் தன் ஓரகத்தியைக் கைப்பிடித்து அழைத்து வந்ததும் அவளேதான். கொழுந்தன் மனைவி, வீட்டில் சின்னவள். கல்யாணமாகி வந்த புதிதில் ராப்பகலாகக் கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே அந்த மொழியைப் படித்து, பட்டமும் வாங்கிவிட்டாள். துறையில் கொரிய மொழிக்குப் பகுதிநேர ஆசிரியர் தேவை என்று விளம்பரம் வந்தபோது, "நீ வா, நான் பாத்துக்கறேன்" என்று பெரியவள்தான் சொன்னாள். பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள், வாரத்துக்கு ஆறு மணி நேரம், தனக்கும் பேச்சுத்துணை என்பது அவள் நினைப்பு.

முதல் வருஷம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டாம் வருஷம் எழுபது பேர். பெரிய அரங்கத்தைத் திறந்துவிட வேண்டியதாயிற்று, அதன் சாவியைக் கொடுத்ததும் பெரியவள்தான். திரைப்பட மாலை, மாணவர் நாடகம், பழைய கடிதங்களின் மொழிபெயர்ப்பு, பொதுமேடைப் பேச்சு என்று சின்னவளிடமிருந்து படிவம் வந்தவண்ணம் இருந்தது. அத்தனை வருஷமாக அலுவலக வாசலில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற பேராசிரியர்கள், இப்போது நின்று சிரித்துப் பேசினார்கள். பேச்சு முழுவதும், "உங்க தங்கச்சி இருக்காங்களே!"

"தங்கச்சி இல்ல, ஓரகத்தி" என்று திருத்தித் திருத்தி அவளுக்கு வாய் வலித்தது.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் வீட்டில் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தாள். மாமியார், செய்திமடலின் இரண்டாம் பக்கத்தைக் காந்தப் பொத்தான் வைத்து ஒட்டியிருந்தார். சின்னவள் ஒலிவாங்கி முன்னால் நிற்கிற படம்.

"பாத்தியா பெரியவளே, எவ்வளவு அழகா போட்டிருக்காங்க! யார் செஞ்சதோ!"

"நான்தான் அத்தை செஞ்சேன்."

"அட, நீயா?" என்றார் மாமியார், படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே. "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பெருசா போடு."

பாலை எடுக்கப் போனவள் பாலை எடுக்காமலே கதவைச் சாத்தினாள். வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தாள். நிஜமாகவே எரிந்தது.

அடுத்த மடலில் சின்னவளின் பொதுமேடைப் பேச்சு, 'மற்றும் பலர்' ஆனது. இடமில்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அதே பக்கத்தில், மாடித்தோட்டத்துக்கு நீர்க்குழாய் போட்ட செய்தி ஐந்து வரிக்கு நீண்டிருந்தது. அதற்கடுத்த மடலில் நாடகமும் மொழிபெயர்ப்பும் போயின. இரண்டு வருஷத்தில் எட்டுச் செய்திகள் அந்த வாலுக்குள் மறைந்தன. சின்னவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருக்கலாம் என்று பெரியவளுக்கு அதிலும் ஆத்திரம்.

அப்போதுதான் நிரந்தரப் பணி அறிவிப்பு வந்தது. ஒரே ஓர் இடம். பகுதிநேரப் பணிகள் எல்லாம் அந்தப் பருவத்தோடு முடியும். இடம் கிடைத்தால் சின்னவள் உள்ளே, கிடைக்காவிட்டால் வெளியே. போட்டிக்கு இன்னொருவர், கோடையிலும் கழுத்துக்குட்டையை அவிழ்க்காத ஓர் ஆசிரியர். அவருக்குப் பேரே கழுத்துக்குட்டை.

இங்கே ஒரு பழைய கதை உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் ஒருவர், பேசாத பேச்சையெல்லாம் பேசியதாக எழுதிப் பதவி உயர்வு கேட்டார். பெரியவள்தான் மடல்களைப் புரட்டிப் பார்த்து அவர் குட்டை உடைத்தாள். "மடல்ல வந்ததை மட்டும் எடுத்துக்குங்க சார், வேற எதையும் நம்பாதீங்க" என்றாள். துறைத்தலைவர் அதையே விதியாக்கினார். அன்று அவள் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனாள்.

அந்த விதிப்படி இரண்டு பேருக்கும் பட்டியல் போட வேண்டியவளும் அவளே. உட்கார்ந்து போட்டாள். கழுத்துக்குட்டைக்குப் பதினொன்று. சின்னவளுக்கு மூன்று. முதலில் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிறகு அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகத்தன்று அரங்கத்தின் பின்வரிசையில் நின்று அவளும்தான் பார்த்தாள், பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டியதை. அவளும்தான் தட்டினாள்.

மதியம் சின்னவள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பட்டியல் போட்டாச்சாக்கா?"

"ம்."

"எனக்கு எத்தனை வந்திருக்கு?"

"மூணு."

சின்னவள் டப்பா மூடியைத் திறந்து, திரும்ப மூடினாள். "சரிக்கா" என்றாள். பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நறுக்கி, பாதியை வழக்கம்போல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பாதி ஆப்பிள் பழுப்பேறும் வரை பெரியவள் அதைத் தொடவில்லை. பிறகு எழுந்து, எட்டுப் படிவங்களையும் அச்செடுத்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்பிய தேதியும் மணியும் இருந்தன. எட்டும் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னால் வந்தவை. அவற்றை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த எட்டும் நான் வேணும்னே போடாம விட்டது. இடம் இருந்துச்சு."

தலைவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "என்னம்மா இது? இப்பத்தான் உங்க ஓரகத்தி வந்துட்டுப் போனாங்க. எல்லாத்தையும் தான்தான் நேரம் கழிச்சு அனுப்பினதா சொன்னாங்க. அலுவலகத்து மேல எந்தத் தப்பும் இல்லன்னாங்க. நேரம் கழிச்சு அனுப்பினா எடுத்துக்க முடியாதுன்னு நானும் சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னாங்க?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் சின்னவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே ஆப்பிளை நறுக்கி வைத்திருக்கிறாள்.

"என்னைக் காப்பாத்தத்தான் சார்" என்றாள். வெட்கம் முகத்தைச் சுட்டது. அந்த வெட்கத்துக்குள்ளும் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்று வந்தால், அதிலும் அவள் முந்திக்கொண்டாளே!

எட்டுச் செய்திகளும் விடுபட்டவை என்ற தலைப்பில் சிறப்புத் தாளாக வந்து கணக்கில் சேர்ந்தன. பதினொன்றுக்குப் பதினொன்று. நேர்முகத்தில் சின்னவள் ஜெயித்தாள். தலைவர் பெரியவளை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் மடலை அவளிடமிருந்து வாங்கிவிட்டார். "இனிமே நிரந்தர ஆசிரியர் ஒருத்தர் பாக்கட்டும்மா" என்றார். புதிதாக நிரந்தரமானவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

"எனக்கு வேணாம்னு சொன்னேன்க்கா, சார் கேக்கல" என்று சின்னவள் வந்து நின்றாள்.

"பக்க அளவு எங்க இருக்குன்னு காட்டறேன், உக்காரு" என்றாள் பெரியவள்.

அடுத்த பருவத்து மடல் வந்த சாயங்காலம், வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் முதல் பக்கம் ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தவள் பெரியவள். சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், சின்னவள் அதை எப்போது எடுத்தாளோ. கீழே முழுப் பெயர், இருபத்திரண்டு வருஷம், நாற்பத்து நான்கு மடல்கள், அவள் கண்டுபிடித்த அந்தப் பொய்க் கணக்கு, எல்லாம் இருந்தது.

"பெருசா போட்டிருக்கா பாரு!" என்றார் மாமியார்.

பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தாள். எங்காவது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தேடினாள், இல்லை. படம் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. இடம் போதாமல் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று வரிவரியாக எண்ணிப் பார்த்தாள். பதினாறு வரி. ஒன்றுகூட விடவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்கா" என்றாள். சொல்லும்போதே வயிறு எரிந்தது, கண்ணும் நிறைந்தது. மாமியார் பார்த்துவிடாமல் இருக்கக் கதவைத் திறந்து, பாலைத் தேடுவதுபோல் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றாள்.