கஜபதியின் ஒற்றைக்கண் பொம்மை

பித்தளைத் தகட்டை எடுத்தவுடன் கஜபதி தட்டிவிட மாட்டார். காதருகே கொண்டுபோய் நகத்தால் சுண்டுவார். திருப்பி இன்னொரு சுண்டு. "இது தூங்கிகினு கீது. நாளைக்குப் பாக்கலாம்" என்று சிலவற்றைச் சுவரோரம் சாய்த்துவிடுவார். விழித்திருக்கும் தகடுதான் அன்றைக்கு வேலாகும், கண்மலராகும். கண்நோய் தீர வேண்டிக்கொண்டு திருத்தணி மலையேறுகிறவர்கள் சாமிக்குச் செலுத்தும் அந்தத் தகட்டுக் கண்களை, அடிவாரத்தில் இவரைப் போல் அடிப்பவர் இல்லை.

அது பிழைப்பு. ஆசை வேறு. கடையின் பின்கட்டில் ஒரு ஜப்பானையே வைத்திருக்கிறார். யுத்தத்துக்கு முன் மலேயாவில், ஈப்போவில், ஒரு ஜப்பானியக் கிழவரின் பொம்மைக் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே காகிதத்திலும் மரத்திலும் கண்டதை இங்கே தம் மனம்போலப் பித்தளையில் அடிக்கிறார். விசிறி பிடித்த பெண்ணின் நீண்ட அங்கிக்குப் பொதட்டூர்பேட்டைச் சேலையின் கரை. கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒரு போர்வீரன். ஆனால் வாள் உறைக்குள் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"நம்ம சாமியே இங்க வந்துதானே சார் கோவம் தணிஞ்சாரு? இவன் மட்டும் கத்தியத் தூக்கிகினு நின்னா நல்லாவா இருக்கும்?"

எதிர்ப்பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் சும்மா இருக்கமாட்டார். "ஜப்பான்காரன் உன்ன அடிச்சான். நீ இப்போ அவன அடிச்சிகினு கீறே."

"ஆங். அவன் நிறுத்திட்டான். என்னாலதான் முடியல."

சயாம் ரயில் பாதை போட ஜப்பானியப் பட்டாளம் பிடித்துப்போன கூலிகளில் இவரும் ஒருவர். கூடவே மனைவி கெங்கம்மாளின் தம்பி பரசுராமனும். யுத்தத்துக்குச் சற்று முன் ஊர் வந்திருந்தபோது, அவனுக்குக் கலியாணமான ஆறாம் மாதம், "வாடா, நல்ல வேலை" என்று அவனை மலேயாவுக்கு அழைத்துப் போனவரே, அவன் 'பாவா' என்று கூப்பிடும் அக்கா புருஷன் கஜபதிதான். நாற்பத்தாறில் அவர் மட்டும் திரும்பினார். ரயிலடியில் கெங்கம்மாள் கேட்ட முதல் கேள்விக்கு, "பின்னால கப்பல்ல வர்றான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த மாதம் அவர் அடித்தது, கையும் காலும் இல்லாமல் குடம்போல் உருண்ட ஒரு முனிவர். தள்ளினால் தானே எழுந்து உட்காருவார். ஜப்பானில் வேண்டிக்கொள்ளும்போது அந்தப் பொம்மைக்கு ஒரு கண் எழுதுவார்களாம். பலித்தபின் மறு கண். இதைப் பேச்சுவாக்கில் வீட்டில் சொன்னதுதான் அவர் செய்த தவறு. கண்மலர் அடிப்பவரின் மனைவி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வாளா? "என் தம்பி வரணும்னு ஒண்ணு தெறந்து வைங்க" என்றாள். திறந்தார்.

மூன்று வருஷம் ஆயிற்று. மறு கண் வெறுமையாகவே இருக்கிறது. பரசுராமனின் மனைவி சந்திரா இதே வீட்டில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் பொம்மையைப் புளியிட்டுத் துலக்குகிறாள். அவள் விரல் பட்டுப்பட்டு அந்த வெறும் இடம்தான் அதிகம் மின்னுகிறது.

ஆடிக் கிருத்திகையன்று போயிருந்தேன். பெண்கள் இருவரும் மலைக்குப் பூக்காவடி எடுத்துப் போயிருந்தார்கள். "உங்கள் மைத்துனரைப் பற்றி உண்மையில் ஏதாவது தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"காலரா, சார். 'பாவா, வூட்டுக்குப் போலாம், பாவா'ன்னு சொல்லிகினே இருந்தான். என் கையாலதான் மண்ணு தள்ளினேன். கெங்கம்மா கேட்டப்பவே சொல்லியிருக்கணும். இப்ப சொன்னா சந்திரா நெத்தியப் பாக்க முடியுமா? சொல்லலன்னா மட்டும்? இருபத்திநாலு வயசு, சார். வாசலயே பாத்துகினு உக்காந்துகினு கீது."

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மஞ்சள் சேலை நனைந்திருக்க, வெந்த பாதங்களோடு இருவரும் வந்தார்கள். கெங்கம்மாள் காவடிப் பூ ஒன்றைப் பொம்மையின் தலையில் வைத்தாள். திறவாத கண்ணின்மேல் விபூதி இட்டாள்.

"உளியத் தீட்டி வெச்சிக்கோங்க. அவன் வந்து நிக்கிற அன்னைக்குத் தேடிகினு இருப்பீங்க."

"அண்ணன் தேடமாட்டாரு அண்ணி. இடுப்புலயே சொருவிகினு கீறாரு பாருங்க" என்று சிரித்தாள் சந்திரா. புதிதாக இட்ட குங்குமம் வியர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது.

கஜபதி பொம்மையை மடியில் எடுத்துக்கொண்டார். உளிமுனையை அந்த வெறுமையின் நடுவே வைத்தார். சுத்தியலை ஓங்கினார். சந்திராவின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உளியை இடுப்பில் செருகிவிட்டு, பொம்மையைத் திருப்பி, ஒடுக்கே இல்லாத அதன் முதுகை ஒடுக்கு எடுப்பதுபோல் மெதுவாகத் தட்டத் தொடங்கினார்.