சைக்கிளில் கட்டிய சிவப்புத் துணி

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்குப் புது சைக்கிள் வாங்கினார்கள். ஆனால் மந்தாரக்குப்பத்து டியூஷனுக்கு அதில் போகக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். வழியில் ஒரு சிக்னல். அங்கே சிவப்பு விழுந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது ஊரார் கண்ட அர்த்தம். மீறிப் போகிறவனை யாரும் கேட்கமாட்டார்கள். நிற்கிறவனைத்தான் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். போதாக்குறைக்கு, கரண்ட் எடுக்கிற ஆலையிலிருந்து சாம்பல் ஏற்றிப் பறக்கும் லாரிகள்.

அப்பா நிலக்கரி மைன்ஸில் மண் அள்ளிப் போகும் டம்பர் ஓட்டுகிறவர். மாடி உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அது. கிட்டத்தில் வருகிற சின்ன வண்டி மேலே இருக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், மைன்ஸுக்குள் போகிற ஜீப்புகள்கூட நீளக் கம்பு நட்டுக் கொடி கட்டிக்கொண்டுதான் போகும். அப்பா அம்மாவோடு வாதாடவில்லை. என் சைக்கிள் கேரியரில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, கம்பி சுற்றி இறுக்கி, உச்சியில் சிவப்புத் துணியைக் கட்டினார்.

“செவப்பு வுழுந்தா நின்னுடு. எவன் ஹாரன் அடிச்சாலும் நவுராத” என்றார்.

“புள்ளைய ஊர்வலத்துக்கா அனுப்புறீங்க?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கோ தேரில் ஏறியது போல இருந்தது. டீக்கடையில் ஒருவர், “எந்த யூனியன் பாப்பா?” என்று கேட்டார். “எங்கப்பா யூனியன்” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து மிதித்தேன்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பைக்குகள் என்னை உரசிக்கொண்டு பறந்தன. நான் மட்டும் காலை ஊன்றி நின்றேன். பின்னால் பெரிதாக பிரேக் கிறீச்சிட்டது. திரும்பினால், கேரியரை முட்டுகிற மாதிரி ஒரு லாரியின் முன்பக்கம். டிரைவர் இறங்கி வந்தார்.

“சிக்னல்ல பூந்து போயிடலாம்னுதான் வந்துகினு இருந்தேன். ஒன்னிய நான் பாக்கவே இல்ல பாப்பா. கண்ணாடிக்கு முன்னால துணி ஆடுனதுதான் தெரிஞ்சுது” என்றவர், கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் யாருக்கும் நிற்காத லாரி எனக்காக நின்றுவிட்டது. டிரைவரே இறங்கி வந்து கும்பிடுகிறார். இப்படி ஓர் அப்பா என் வகுப்பில் வேறு யாருக்கு இருக்கிறார்? அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்ததும், டிரைவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். அவர் சட்டைகூட மாற்றவில்லை. வாசலில் நின்ற சைக்கிள் அருகே போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டார். பிடியை விடவில்லை. கட்டு தளர்ந்துவிட்டதா என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

“நல்லா இறுக்கமாத்தாம்ப்பா இருக்கு” என்றேன்.